புடவு வாசலில் தொடங்குங்கள்: புலன்களின் பரிணாமத்தை ஆராய வரும் பிள்ளைகளுக்கு

வருடத்துக்கு நாற்பது ஐம்பது மின்னஞ்சலாவது வந்துவிடுகிறது. பெரும்பாலும் எம்எஸ்சி இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள். "மேடம், விலங்குகளின் புலன்கள் எப்படிப் பரிணமித்தன என்று ஆராய ஆசை. எங்கே தொடங்குவது?" இதுவரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்ற உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

இருபது வருடத்துக்கும் மேலாக வௌவால்களின் காதைத்தான் ஆராய்ந்து வருகிறேன். அதனால் என் எடுத்துக்காட்டுகள் எல்லாம் வௌவாலாகவே இருக்கும். உங்களுக்கு மீனோ எறும்போ பாம்போ பிடித்திருக்கலாம். வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

விலங்கு முதலில், மற்றதெல்லாம் பிறகு

நான் வளர்ந்தது மதுரைக்கு மேற்கே, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம். எங்கள் ஊரில் குகையைப் புடவு என்போம். சமணர் மலையில் செட்டிப்புடவுக்குப் போனவர்களுக்கு அந்தச் சொல் பழக்கமாக இருக்கும். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், பெயர் சொல்லாத ஒரு பாறை இடுக்கின் முன்னால் சாயங்காலம் கருவியோடு போய் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் சற்று நேரம் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "தாயி, இந்தப் பொடவுல ரெண்டு சாதி வவ்வா இருக்கு. ஒண்ணு வெளிச்சம் இருக்கப்பவே கெளம்பிரும். காது பெருசா இருக்குற இன்னொண்ணு நல்லா இருட்டுனாத்தான் வரும். அது மேல போகாது, தரையை ஒட்டியே போகும்."

நான் மூன்று மாதம் நூலகத்தில் படித்ததை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பெரிய காது, தாழ்ந்த பறத்தல், பிந்திய நேரம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. ஏன் சேர்ந்தன என்று கேட்பதுதான் என் தொழில்.

ஆகவே முதல் வேலை இது: சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு விலங்கைத் தேர்ந்தெடுங்கள். முப்பது மாலை, அல்லது முப்பது காலை, அதே இடத்தில் உட்காருங்கள். எத்தனை மணிக்கு வருகிறது, என்ன வெளிச்சம், என்ன சத்தம், காற்று எந்தப் பக்கம், எதைத் தின்கிறது, எதற்குப் பயப்படுகிறது என்று கையால் எழுதுங்கள். கைபேசியில் தட்டச்சு செய்யாதீர்கள். இருட்டில் திரை வெளிச்சம் உங்கள் கண்ணையும் கெடுக்கும், விலங்கையும் விரட்டும். பத்தாம் நாள் சலிப்பு வரும். பதினைந்தாம் நாளுக்குப் பிறகு, முன்பு கண்ணில் படாத ஒன்று படும். அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். உங்கள் முதல் நல்ல கேள்வி அந்தச் சிவப்பு வரிகளில்தான் இருக்கும்.

"பார்வையின் பரிணாமத்தை ஆராயப் போகிறேன்" என்பது கேள்வியாகாது. "இருட்டில் பூவுக்குப் போகிற தேனீயின் கண், பகலில் போகிற உறவுக்காரத் தேனீயின் கண்ணிலிருந்து எதில் மாறியிருக்கிறது" என்பது கேள்வி. இரண்டாவதற்கு விடை கிடைத்தால் கிடைத்தது என்று உங்களுக்கே தெரியும். முதலாவதற்குத் தெரியாது.

ஒரு தவளை, ஒரு நூல்

இந்தத் துறையின் மிக நல்ல வேலைகளில் சில நம் மதுரையில் நடந்தவை. அது பல தமிழ் மாணவர்களுக்கே தெரியவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன், உடலுக்குள் நேரம் காட்டும் உயிர்க்கடிகாரங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார், அவரோடு ஜி. மாரிமுத்து. ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து கெர்ஹார்ட் நாய்வைலர் வந்து அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். நாய்வைலர், சிங், ஸ்ரீபதி மூவரும் 1984-இல் வெளியிட்ட கட்டுரை, தென்னிந்தியாவில் ஒரே வட்டாரத்தில் வாழும் வௌவால் இனங்கள் எந்தெந்த அதிர்வெண்ணை எவ்வளவு நன்றாகக் கேட்கின்றன என்று அளந்து வைத்தது. அந்த வரைபடங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். திறந்த வானத்தில் வேட்டையாடும் எலிவால் வௌவால் ஏறக்குறைய 35 கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒலி எழுப்புகிறது. மரம் செடிக்கு நெருக்கமாகப் பறக்கும் இலைமூக்கு வௌவால் 130 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிக் கத்துகிறது.

வௌவால் தான் எழுப்பும் ஒலி பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டுத்தான் இருட்டில் வழியையும் இரையையும் அறிகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. அதிர்வெண் கூடக் கூட ஒலியைக் காற்று சீக்கிரமே உறிஞ்சிவிடும், தூரம் போகாது. ஆனால் அலைநீளம் சிறிதாக இருப்பதால் சின்னப் பூச்சியிலும் பட்டுத் திரும்பும். தூரம் வேண்டுமானால் தாழ்ந்த ஒலி, நுணுக்கம் வேண்டுமானால் உயர்ந்த ஒலி. வாழும் இடம் காதைச் செதுக்குகிறது. புலனைப் பற்றி எதை எழுதுவதற்கு முன்னாலும், அந்த உயிர் வாழும் இடத்தில் ஒளியும் ஒலியும் மணமும் எப்படிப் பயணம் செய்கின்றன என்று படியுங்கள். பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் திரும்ப எடுங்கள்.

அந்தப் பெரியவர் சொன்ன பெருங்காது வௌவால் மெகாடெர்மா லைரா. இப்போது லைரோடெர்மா லைரா என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அது தவளை, எலி, பெரிய பூச்சி என்று தரையிலிருந்து அள்ளும். 1987-இல் மாரிமுத்துவும் நாய்வைலரும் அது தவளையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்த்தார்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கும் தவளையை வௌவால் கண்டுகொள்ளவில்லை. குதித்தால் பாய்ந்தது. செத்த தவளையை நூலால் கட்டி வெடுக்கென்று இழுத்தாலும் பாய்ந்தது. இரை எழுப்பும் சரசரப்பைக் கேட்டே வேட்டையாடுகிறது என்று வந்தார்கள்.

என் மாணவர்களிடம் முதல் வாரமே இந்தச் சோதனையைச் சொல்லி, இங்கேயே நிறுத்துவேன். இழுபடும் தவளை சத்தமும் போடுகிறது, அதே நேரம் வௌவாலின் சொந்த ஒலிக்கு வரும் எதிரொலியும் மாறுகிறது, நிலா வெளிச்சம் இருந்தால் கண்ணுக்கும் தெரிகிறது. மூன்று புலன்களையும் நீ எப்படிப் பிரிப்பாய்? சிலர் ஈரமான வழுவழுப்பான பலகைமேல் சத்தமில்லாமல் இழுக்கலாம் என்பார்கள். சிலர் தவளையே இல்லாமல் ஒலிபெருக்கியில் சரசரப்பை மட்டும் போடலாம் என்பார்கள். ஒரு பெண், "காய்ந்த ஆலிலை மேலயும் ஈர மணல் மேலயும் மாத்தி மாத்தி இழுக்கலாம் மேடம்" என்றாள். இப்படி யோசிக்கப் பழகியவர்தான் இந்தத் துறையில் நிலைப்பார். கருவி எது, மென்பொருள் எது என்பதெல்லாம் ஆறு மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளக்கூடியவை. எந்தப் புலனை எந்த நூலால் கட்டி இழுப்பது என்பதைக் கற்க வருடங்கள் ஆகும்.

ஏழு மாதம் போன கதை

கருவியைப் பற்றி ஒன்றே ஒன்றை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு நான் ஏழு மாதத்தை விலையாகக் கொடுத்தேன்.

ஒலியைக் கணினியில் பதியும்போது கருவி நொடிக்கு இத்தனை முறை என்று ஒலியை அளக்கிறது. அதைச் சாம்பிளிங் ரேட் என்கிறோம். அந்த எண்ணில் பாதிக்குக் கீழே இருக்கும் அதிர்வெண்ணைத்தான் அது ஒழுங்காகப் பிடிக்கும். என் முதல் கருவி நொடிக்கு இரண்டரை லட்சம் முறை அளப்பது. அதாவது 125 கிலோஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். நான் பதிவு செய்ததோ 155 கிலோஹெர்ட்ஸில் கத்தும் ஒரு சிறிய இலைமூக்கு வௌவால் இனம். கருவி பேசாமல் இருந்திருந்தால் பரவாயில்லை. அது 155-ஐ மடித்து, 250-இலிருந்து கழித்து, 95 கிலோஹெர்ட்ஸ் என்று அழகான கோடாகக் காட்டியது. யாரும் எழுதாத அதிர்வெண்! ஏழு மாதம் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தேன். கடைசியில் மின்னணுப் பிரிவில் இருந்த ஒரு டெக்னீஷியன் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது எத்தனை வேகத்துல எடுத்தது?" என்று கேட்டார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

இன்று நொடிக்கு 384 ஆயிரம் முறை அளக்கும் ஆடியோமாத் போன்ற சின்னக் கருவிகள் இருக்கின்றன; நான் பிஎச்டி செய்த காலத்து விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனாலும் விதி மாறவில்லை. களத்துக்குப் போகுமுன், அதிர்வெண் தெரிந்த ஒரு மீயொலியை, அதாவது நம் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலியை, கருவிக்குப் போட்டுக் காட்டுங்கள். அது சரியாகச் சொல்கிறதா பாருங்கள். கண்ணை ஆராய்கிறவர்கள் விளக்கின் நிறமாலையை அளங்கள். மணத்தை ஆராய்கிறவர்கள் வெறும் கரைப்பானை மட்டும் வைத்து ஒரு சோதனை செய்யுங்கள். விலங்குக்குப் பரீட்சை வைக்கும் முன் கருவிக்கு வையுங்கள்.

கூடவே, ஒவ்வொரு பதிவுக்கும் ஆணா பெண்ணா, குட்டியா, முன்கை எத்தனை மில்லிமீட்டர், வெப்பம் எவ்வளவு, கையில் இருந்ததா பறந்ததா என்று எழுதுங்கள். இலைமூக்கு வௌவால் பறக்கும்போது, தன் வேகத்தால் எதிரொலியின் அதிர்வெண் ஏறும் என்பதற்கு ஈடாகத் தன் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பறந்ததையும் தொங்கியதையும் கலந்து சராசரி போட்டால், அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

மரம் இல்லாமல் பரிணாமம் இல்லை

ஒரே ஓர் இனத்தைப் பத்து வருடம் ஆராய்ந்தாலும் அது எப்படி இயங்குகிறது என்றுதான் தெரியும். எப்படி வந்தது என்று தெரியாது. அதற்கு அதன் அக்கா தங்கை, பெரியப்பா பிள்ளைகள் எல்லோரையும் கூட்டி வைத்துப் பார்க்க வேண்டும்.

வௌவாலையே எடுங்கள். பழந்தின்னி வௌவால்கள் பெரிய கண்ணால் பார்த்துப் பறக்கின்றன. தொண்டையால் மீயொலி எழுப்பி எதிரொலி கேட்பதில்லை. பூச்சி தின்னும் வௌவால்கள் கேட்கின்றன. பழந்தின்னிகள் ஒரு பெரும் பிரிவு, மற்றவை எல்லாம் இன்னொரு பெரும் பிரிவு என்றுதான் நெடுங்காலம் பாடப்புத்தகத்தில் இருந்தது. 2000-லும் 2005-லும் எம்மா டீலிங்கும் உடன் ஆய்வாளர்களும் டிஎன்ஏவை வைத்து வரைந்த மரம் அதைக் கலைத்தது. நம் இலைமூக்கு வௌவாலும் பெருங்காது வௌவாலும் மற்றப் பூச்சித்தின்னிகளைவிடப் பழந்தின்னிக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று வந்தது. உடனே கேள்வி பிறந்துவிட்டது: எதிரொலி கேட்கும் திறன் இரண்டு முறை தனித்தனியாகத் தோன்றியதா? ஒருமுறை தோன்றிப் பழந்தின்னியின் முன்னோரில் இழக்கப்பட்டதா?

இன்றுவரை முடியவில்லை. கருவில் இருக்கும் குட்டிகளின் உட்செவி வளரும் விதத்தைப் பார்த்து 2017-இல் ஒரு குழு, "இழந்ததுதான்" என்றது. 2021-இல் இன்னொரு குழு கருக்களைப் பார்த்து, "தனித்தனியாகத் தோன்றியது" என்றது. 2022-இல் உட்செவி நரம்புகள் போகும் எலும்புக் கால்வாயே இரு கிளைகளிலும் வேறு வேறு மாதிரி என்று ஒரு கட்டுரை வந்தது. இதற்கெல்லாம் முன்பே 2014-இல், பழந்தின்னிகளில் சில இனங்கள் இறக்கையால் சொடக்குப் போட்டு இருட்டில் வழி பார்க்கின்றன என்று கண்டார்கள். ரூசெட்டஸ் என்ற பழந்தின்னி நாக்கால் சொடக்குகிறது. நான் இந்தத் துறையை விட்டுப் போகாமல் இருப்பதற்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

உங்களுக்கான வேலை: உங்கள் விலங்குக் கூட்டத்தின் உறவு மரத்தை ஒரு பெரிய சார்ட் தாளில் கையால் வரையுங்கள். ஒவ்வொரு கிளை நுனியிலும் அந்த இனத்தின் புலனைப் பற்றித் தெரிந்ததை எழுதுங்கள். வெற்றாக இருக்கும் நுனிகள் கண்ணில் குத்தும். அவற்றுள் உங்களால் போய்ச் சேரக்கூடியது எது என்று பாருங்கள். அங்கே உங்கள் பிஎச்டி இருக்கலாம்.

புள்ளியியலையும் இப்போதே தொடங்குங்கள். நெருங்கிய உறவுகள் ஒன்றுபோல் இருப்பதைத் தனித்தனிச் சான்றாக எண்ணக்கூடாது. ஒரே வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கும் சுருட்டை முடி என்றால் அது ஐந்து சான்று ஆகாது, ஒன்றுதான். ஜோசப் ஃபெல்சென்ஸ்டைன் 1985-இல் இதற்குக் கணக்கு வழி சொன்னார். ஆர் என்ற கணினி மொழியில் இந்தக் கணக்குக்கான ஏப், ஃபைட்டூல்ஸ் என்ற நிரல் தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தினம் ஒரு மணி நேரம், ஆறு மாதம் பழகினால் கைவந்துவிடும்.

அழகான கதையைச் சந்தேகியுங்கள்

அந்துப்பூச்சிக்குக் காது உண்டு. சில இனங்களில் ஒரு காதுக்கு இரண்டே இரண்டு கேட்கும் செல்கள். கென்னத் ரோடரும் ஆஷர் ட்ரீட்டும் 1950-களில் அந்த நரம்பிலேயே மின்முனை வைத்துக் கேட்டார்கள்: வௌவால் கத்தினால் நரம்பு துடித்தது. அதிலிருந்து ஒரு கதை பிறந்தது. வௌவால் வந்தது, அதற்குப் பயந்து அந்துப்பூச்சிக்குக் காது முளைத்தது. கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆனால் 2019-இல் அகிட்டோ கவாஹாராவும் கூட்டாளிகளும் அந்துப்பூச்சிகளின் மரத்தைக் காலக்கணக்கோடு வரைந்தபோது, பல கிளைகளில் காது வௌவால்களுக்கு முன்பே, டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியிலேயே தோன்றியிருந்தது. வேறு எதையோ கேட்பதற்காக வந்த காது, பிற்பாடு வௌவாலிடமிருந்து தப்பவும் உதவியிருக்கிறது.

மரபணுவிலும் இதே பாடம். பிரெஸ்டின் என்பது உட்செவியின் மயிர்ச்செல்களில் இருக்கும் புரதம். வௌவாலும் டால்பினும் எதிரொலி கேட்பவை. இரண்டிலும் இந்தப் புரதத்தில் ஒரே மாதிரி மாற்றங்கள் தனித்தனியாக வந்திருப்பதாக 2010-இல் காட்டினார்கள். நிலைத்து நிற்கும் முடிவு அது. உற்சாகத்தில் 2013-இல் முழு மரபணுத்தொகுதியையும் அலசி, ஏறக்குறைய இருநூறு இடங்களில் அப்படி ஒப்புமை இருப்பதாக ஒரு பெரிய கட்டுரை வந்தது. 2015-இல் மற்றவர்கள் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்கள்: எதிரொலி கேட்காத பசுவை டால்பின் இடத்தில் வைத்தால் எத்தனை ஒப்புமை வரும்? அதே அளவு வந்தது.

எந்த ஒப்பீட்டிலும் உங்கள் பசு எது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். என் ஆய்வகத்தில் கரும்பலகையின் மூலையில் ஒரு பசு எப்போதும் வரைந்திருக்கும். யாரும் அழிப்பதில்லை.

இழப்பையும் கவனியுங்கள், எல்லோரும் புதிதாக வந்ததையே தேடுகிறார்கள். கண்ணில் ஒளியை உணரும் புரதம் ஒப்சின்; நீல-ஊதா ஒளிக்கான ஒப்சின் மரபணு, இலைமூக்கு வௌவாலிலும் குகையில் தங்கும் ரூசெட்டஸிலும் உடைந்து கிடக்கிறது என்றும், மரத்தில் தங்கும் பழந்தின்னிகளில் முழுதாக இருக்கிறது என்றும் 2009-இல் ஒரு கட்டுரை வந்தது. எங்கே உறங்குகிறாய் என்பது எந்த நிறம் பார்க்கிறாய் என்பதைத் தீர்மானிக்கிறது. இதைப் படித்த அன்று, முப்பது மாலை அந்தப் புடவு முன்னால் உட்கார்ந்தது வீண் போகவில்லை என்று மனம் நிறைந்தது.

தேர்வு, கைடு, பணம், அனுமதி

இந்தியாவில் பிஎச்டிக்குப் பொதுவான வாசல் சிஎஸ்ஐஆர்–யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அடுத்து 42,000. 2023 ஜனவரி முதல் இந்த அளவு. பெங்களூரில் இருக்கும் உயிரியல் ஆய்வு மையமான என்சிபிஎஸ்ஸுக்கு, அதன் தாய் நிறுவனமான டிஐஎஃப்ஆர் நடத்தும் நுழைவுத் தேர்வு உண்டு. இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சியின் சூழலியல் மையம், மத்திய அரசின் ஐசர் கல்வி நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். ஆங்கிலத்தில் நேர்முகம் என்று பயப்படுகிற பிள்ளைகளுக்கு: நிறுத்தி நிதானமாகப் பேசினால் போதும். நான் தமிழ்வழியில் பன்னிரண்டாவது வரை படித்தவள். விலங்கைத் தெரிந்தவர் யார் என்று ஐந்து நிமிடத்தில் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பெயரைவிட அவர் மாணவர்களிடம் கேளுங்கள். களத்துக்குக் கூட வருவாரா? எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் திருத்தித் தருவார்? விலகிப் போனவர்கள் எத்தனை பேர், ஏன்? நான் முதலில் சேர்ந்த ஓர் இடத்தில் உதவித்தொகை பதினொரு மாதம் வரவில்லை. கேட்டால் கோப்பு மேலே போயிருக்கிறது என்பார்கள். அம்மா வளையலை அடகு வைத்துத்தான் அந்த வருடம் ஓடியது. ஆகவே சேருமுன் பணம் எங்கிருந்து, யார் கையெழுத்தில், எந்தத் தேதியில் வரும் என்று வாய் திறந்து கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அனுமதிக்கு ஒரு வருடம் முன்னதாக விண்ணப்பியுங்கள். காட்டுக்குள் போகவும் விலங்கைப் பிடிக்கவும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். நினைவுச்சின்னம் இருக்கும் மலை என்றால் தொல்லியல் துறையும் உண்டு. உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு தனி. மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் சென்னை தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் படித்து, நிறுவனம் வழியாகவே செய்யுங்கள். விமானத்தில் பையில் வைத்துக்கொண்டு போகிற வேலை ஒருபோதும் வேண்டாம்.

பிஎச்டிக்குப் பிறகு வெளிநாட்டில் ஓரிரு வருடம் வேலை செய்துவிட்டு வருவது வழக்கம். திரும்பி வர இன்ஸ்பயர் ஃபேகல்டி, ராமலிங்கசாமி, இந்தியா அலையன்ஸ் ஆகிய ஆராய்ச்சி உதவித்தொகைகள் கைகொடுக்கின்றன. நிரந்தர வேலைகள் குறைவு. என்னோடு படித்தவர்களில் நன்றாக ஆராய்ந்தவர்களே சிலர் கல்லூரியில் பாடம் நடத்துகிறார்கள், ஒருத்தி ஒலி மென்பொருள் எழுதுகிறாள். இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

இரவில் வெளியே போவது

நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியை வௌவாலைத் தொடும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கையுறை, முகக்கவசம் கட்டாயம். 2018-இல் கோழிக்கோட்டில் வௌவாலிலிருந்து பரவும் நிபா வைரஸ் நோய் வந்த பிறகு இதில் எந்த விட்டுக்கொடுத்தலும் கிடையாது. குட்டி போட்டிருக்கும் காலத்தில் புடவுக்குள் நுழையாதீர்கள். தாய்கள் கலைந்து பறந்தால் குட்டி கீழே விழும். அப்படி ஒரு மார்ச் மாதம், தரையில் கிடந்த குட்டிகளைப் பார்த்த பிறகு, வாசலுக்கு வெளியே உட்கார்ந்து பதிவதோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கு அதனால் தரவு குறையவே இல்லை.

இதற்கு நல்ல சாட்சி, ஐஐஎஸ்சியில் ரோகிணி பாலகிருஷ்ணனின் குழு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெருங்காது வௌவாலின் இன்னொரு இனம் தங்கும் இடத்தில் கீழே விழுந்துகிடந்த வெட்டுக்கிளி இறக்கைகளை எடுத்துப் பார்த்தார்கள். பாடுகிற ஆணைத்தான் வௌவால் அதிகம் தின்னும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். கிடந்தவற்றில் பெண் இறக்கைகளே அதிகம். சத்தமே போடாத பெண், ஆணைத் தேடி நடந்தும் பறந்தும் போகிறது. அந்த அசைவே அதற்கு ஆபத்து. 2015-இல் வந்த கட்டுரை. தொடக்கம், கீழே விழுந்ததைப் பொறுக்கியது.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. களம் உங்களுக்கும்தான். ஊருக்குள் முதல் நாள் பகலில் போங்கள். நாட்டாமையிடமோ கோவில் பூசாரியிடமோ, முக்கியமாக அந்த ஊர்ப் பெண்களிடமோ, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கருவியைக் காட்டிச் சொல்லுங்கள். வனக்காவலர் எண்ணையும் காவல் நிலைய எண்ணையும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். தனியே போகாதீர்கள், கூட வருகிறவருக்குக் கூலி கொடுங்கள், கட்டுரையில் நன்றியும் சொல்லுங்கள். கழிப்பறைக்கு எங்கே போவது என்று முதலிலேயே பார்த்துவையுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்காமல் இரவெல்லாம் உட்கார்ந்து சிறுநீர்த் தொற்றோடு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

முதல் அஞ்சல்

பதிவுகளை மூன்று இடத்தில் வையுங்கள். ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். கட்டுரை வந்ததும் மூலத்தரவைப் பொதுக் களஞ்சியத்தில் போடுங்கள். நாளை இன்னொருவர் உங்கள் பசுவைச் சோதிக்க அது வேண்டும்.

கடைசியாக, எனக்கோ வேறு யாருக்கோ முதல் மின்னஞ்சல் எழுதும்போது, மதிப்பெண்ணையும் சான்றிதழையும் கீழே வையுங்கள். மேலே விலங்கை வையுங்கள். போன வருடம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதியது இப்படி இருந்தது: "எங்கள் ஊர்க் கோவில் மண்டபத்தில் இரண்டு வகை வௌவால் இருக்கின்றன. 22 மாலை எண்ணினேன். நிலா இருக்கும் நாளில் ஒரு வகை பிந்தி வருகிறது, மற்றது நேரம் மாற்றுவதில்லை. பிந்தி வரும் வகைக்குக் கண் பெரிதாக இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. நோட்டுப் பக்கங்களின் படம் இணைத்திருக்கிறேன்." படங்களைத் திறந்தேன். ஒன்பதாம் நாளில் மழை என்று எழுதி, எண்ணிக்கைக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள். அன்று மாலையே அவளைக் கூப்பிட்டேன்.